நாற்பது பேருக்கும் பிடித்த ஒரே தலைவர்: பள்ளிக்கூட எழுத்துத் திருட்டு பற்றி

எட்டாம் வகுப்பில் எங்களுக்கு ‘நான் விரும்பும் தலைவர்’ என்று ஒரு கட்டுரை. வகுப்பில் நாற்பது பேர். நாற்பது பேருக்கும் காமராசரைத்தான் பிடித்திருந்தது. அதில் வியப்பில்லை. அவரை எதற்காகப் பிடித்தது என்பதையும் நாற்பது பேரும் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருந்தோம் என்பதுதான் வேடிக்கை. முன்னுரை, பிறப்பும் இளமையும், ஆற்றிய பணிகள், முடிவுரை என்ற துணைத்தலைப்புகள்கூட மாறவில்லை. தமிழாசிரியர் கரும்பலகையில் எழுதிப்போட்டார். நாங்கள் கட்டுரை ஏட்டில் எழுதிக்கொண்டோம். தேர்வில் அதையே மனப்பாடமாக இறக்கிவைத்தோம். சொந்தமாக நான்கு வரி சேர்த்த ஒருவனுக்கு அரை மதிப்பெண் குறைந்தது. ஐயா எதைப் பார்த்து எழுதிப்போட்டார் என்பது அடுத்த ஆண்டு தெரிந்தது. பஸ் நிலையத்துக் கடையில் விற்ற கைடு.

பின்னாளில் நானும் ஆசிரியர் ஆனேன். நானும் சில ஆண்டுகள் அப்படியே எழுதிப்போட்டேன். ஆகவே இந்தக் கட்டுரையை நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்து எழுதவில்லை.

பிறருடைய சொல்லையோ கருத்தையோ உழைப்பையோ எடுத்து, எடுத்த இடத்தைச் சொல்லாமல், தன்னுடையதுபோல் முன்வைப்பதுதான் எழுத்துத் திருட்டு. ‘கருத்துத் திருட்டு’ என்ற சொல்லும் வழக்கில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரை எனக்கு முதல் சொல்தான் பொருத்தமாகப் படுகிறது. கருத்தைத் திருட வேண்டுமானால் அது முதலில் புரிந்திருக்க வேண்டுமே! நம் பிள்ளைகள் பெரும்பாலும் எழுத்தைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

தேர்வறையில் பிட் வைத்து எழுதுவது வேறு குற்றம். காப்புரிமை மீறலும் வேறு. அது சட்டத்தின் பாடு. திருக்குறளுக்குக் காப்புரிமை எதுவும் கிடையாது, யாரும் அச்சிட்டு விற்கலாம். ஆனால் ஒரு குறளைத் தன் கவிதை என்று சொல்லிப் பள்ளி மலரில் போட்டுக்கொண்டால் அது எழுத்துத் திருட்டு.

ஆங்கிலத்தில் இதற்குச் சொல்லும் ‘பிளேஜியரிசம்’ இலத்தீன் வேரிலிருந்து வந்தது. அங்கே ‘பிளேஜியாரியுஸ்’ என்றால் பிறர் அடிமைகளையும் குழந்தைகளையும் கடத்திக்கொண்டு போகிறவன். முதல் நூற்றாண்டு ரோமாபுரிக் கவிஞர் மார்ஷியல், தன் கவிதைகளை ஒருவன் தன்னுடையதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான் என்று கோபப்பட்டபோது அந்தச் சொல்லால் அவனைத் திட்டினார். கவிதையை அவர் பெற்ற பிள்ளையாக நினைத்தார் போலும். நம்மவர்கள் சுற்றி வளைக்கவில்லை. செய்யுள் இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் புலவர்களை வகைப்படுத்தும்போது, பிறர் பாட்டைத் தன் பாட்டென்று சொல்பவனுக்குக் ‘கள்ளக்கவி’ என்று நேராகவே பெயர் வைத்துவிட்டன.

ஒரு பனை, நான்கு மாணவர்கள்

விளக்கத்தைவிட ஓர் எடுத்துக்காட்டு நன்றாக விளங்கும். ஒரு நூலில் இப்படி நான்கு வாக்கியங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

“பனை தமிழ்நாட்டின் மாநில மரம். ஆண் பனை, பெண் பனை எனத் தனித்தனி மரங்கள் உண்டு. காய்ப்பது பெண் பனை மட்டுமே. அதன் வேர்கள் மண்ணை இறுகப் பிடித்து ஏரிக்கரை சரியாமல் காக்கின்றன.”

முதல் மாணவன் இதை அப்படியே எழுதித் தன் பெயரைப் போட்டுக் கொடுக்கிறான். இது திருட்டு என்பதில் யாருக்கும் ஐயம் வராது.

இரண்டாமவன் கொஞ்சம் கெட்டிக்காரன். “பனைமரம் நமது மாநிலத்தின் மரமாகும். ஆண் மரம், பெண் மரம் என வெவ்வேறு மரங்கள் உள்ளன. பெண் மரம் மட்டுமே காய் தரும். அதனுடைய வேர்கள் மண்ணை நன்கு பற்றி ஏரியின் கரை சரிந்துவிடாமல் பாதுகாக்கின்றன.” சொற்களுக்கு வேறு சட்டை மாட்டியிருக்கிறான், எலும்புக்கூடு அதேதான். வாக்கியங்களின் வரிசை, எண்ணிக்கை, காற்புள்ளி விழுந்த இடம் உட்பட எதுவும் மாறவில்லை. “சொந்த நடையில் எழுதியிருக்கிறேன் சார்” என்று அவன் சொல்வான். நடிக்கவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நம்புகிறான். ‘சொந்த நடையில் எழுதுக’ என்று நாம் சொன்னதை அவன் இப்படிப் புரிந்துகொண்டிருக்கிறான்.

மூன்றாமவள் அப்படியே எடுத்து எழுதிவிட்டு, கட்டுரையின் அடியில் நூலின் பெயரை எழுதுகிறாள். பாதிச் சரி. எந்த வரி அவளுடையது, எந்த வரி நூலினுடையது என்று படிப்பவருக்குத் தெரியவில்லை. இரட்டை மேற்கோள் குறி போட்டிருந்தால் தீர்ந்தது. இவளைத் திருடி என்று சொல்ல எனக்கு மனம் வராது, வழி தெரியாதவள்.

நான்காமவன் எழுதுகிறான்: “எங்கள் ஏரிக்கரையில் பதினான்கு பனைகள் நிற்கின்றன. ஒன்பதில் காய் பார்த்தேன். பெண் பனை மட்டுமே காய்க்கும் என்று அந்த நூல் சொல்கிறது. அப்படியானால் மற்ற ஐந்தும் ஆண் பனையாக இருக்க வேண்டும், அல்லது இன்னும் காய்க்கும் வயது வராதவையாக இருக்கலாம்.” இவனும் நூலிலிருந்துதான் எடுத்திருக்கிறான். எடுத்த இடத்தைச் சொன்னான், எடுத்ததை வைத்து ஏதோ ஒன்றைச் செய்தான். இரவல் வாங்கிய அரிவாளால் தன் வயலில் அறுத்த மாதிரி.

எல்லாவற்றுக்கும் மூலம் சொல்ல வேண்டுமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். வேண்டாம். பூமி சூரியனைச் சுற்றுகிறது, 1947-இல் இந்தியா விடுதலை பெற்றது போன்றவை எல்லோருக்கும் பொதுவானவை. குறிப்பிட்ட ஒருவர் கண்டுபிடித்தது, எண்ணியது, அழகாகச் சொன்னது என்றால் அவர் பெயர் வர வேண்டும். படத்துக்கும் வரைபடத்துக்கும்கூட இதேதான். சார்ட்டில் ஒட்டும் படத்தை யார் எடுத்தார் என்று நம் பள்ளிகளில் ஒருவரும் கேட்பதில்லை, கேட்க ஆரம்பிக்கலாம்.

இரண்டாவது மாணவனிடம் திரும்பி வருகிறேன், ஏனென்றால் வகுப்பில் பெரும்பான்மை அவன்தான். அமெரிக்காவில் எழுத்துப் பயிற்சி குறித்து ஆராய்ந்த ரெபெக்கா மூர் ஹோவர்ட், 1990-களின் தொடக்கத்தில் இவ்வகை எழுத்துக்குத் தனிப் பெயர் கொடுத்தார். தமிழில் ‘ஒட்டுப்போட்ட எழுத்து’ எனலாம். தனக்குப் பழக்கமில்லாத துறையின் மொழியை ஒருவன் கற்கத் தொடங்கும்போது இப்படித்தான் தடுமாறி எழுதுவான், இதை ஒழுக்கக்கேடாகப் பார்ப்பதைவிடக் கற்றலின் ஒரு படியாகப் பார்ப்பது பொருந்தும் என்பது அவர் வாதம். எனக்கு இது சரியென்றே படுகிறது. நடை பழகும் குழந்தை சுவரைப் பிடித்துக்கொள்வதில்லையா? ஆனால் பத்தாம் வகுப்பிலும் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தால், கையை எடுத்துவிட யாரும் சொல்லித்தரவில்லை என்று பொருள். அங்கேதான் ஆசிரியரின் பங்கு தொடங்குகிறது.

இலைகள் கிளப்பிய புயல்

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், கன்சாஸ் சிட்டி நகரின் ஓரத்தில் பைப்பர் என்ற பகுதி இருக்கிறது. அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் 2001-இல் உயிரியல் ஆசிரியை ஒருவர் பத்தாம் வகுப்புக்கு ஒரு செயல்திட்டம் கொடுத்தார். உள்ளூர் மரங்களின் இலைகளைச் சேகரித்து, அவற்றைப் பற்றி எழுத வேண்டும். அந்தப் பருவத்தின் மதிப்பெண்ணில் சரிபாதி இதற்கு. பிறர் எழுத்தைக் காப்பி அடித்தால் பூஜ்யம் என்ற விதித்தாளில் மாணவர்களும் பெற்றோரும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

கட்டுரைகள் வந்தன. சிலவற்றின் நடை பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளின் நடையாக இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கும் இணையச் சேவையான டர்னிட்டினில் ஆசிரியை அவற்றைச் செலுத்திப் பார்த்தார். 118 பேரில் 28 பேர் மாட்டினார்கள். சொன்னபடி பூஜ்யம் போட்டார். பள்ளி நிர்வாகம் அவர் பக்கம் நின்றது. பெற்றோர் சிலர் பள்ளி வாரியத்திடம் போனார்கள். எது திருட்டு என்றே பிள்ளைகளுக்குத் தெளிவாகத் தெரியாது என்றார்கள்.

டிசம்பரில் வாரியம் முடிவு சொன்னது. செயல்திட்டத்தின் எடை 50 விழுக்காட்டிலிருந்து 30 ஆகக் குறைய வேண்டும். மாட்டியவர்களுக்கும் ஓரளவு மதிப்பெண் கொடுக்க வேண்டும். ஆசிரியை வேலையை விட்டு விலகினார். அடுத்த சில வாரங்களில் செய்தி நாடு முழுவதும் பரவியது. எடையைக் குறைத்ததில் நட்டப்பட்டவர் யார் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சொந்தமாக உழைத்து அதில் நிறைய மதிப்பெண் வாங்கிய பிள்ளைதான்.

பயிற்சி வகுப்புகளில் இந்தக் கதையைச் சொன்னால் ஆசிரியர்கள் உடனே ஆசிரியையின் பக்கம் சேர்ந்துகொள்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான். விதியைச் சொல்லி, கையெழுத்து வாங்கி, அதன்படி நடந்தவரை மேலே இருப்பவர்கள் கைவிடுவது பெருங்கேடு. அப்படி ஒருமுறை நடந்தால் அந்தக் கட்டடத்தில் எந்த விதிக்கும் பிறகு உயிர் இருக்காது.

இருந்தாலும் எனக்கு ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஓர் இலையைப் பற்றிப் பதினாறு வயதுப் பிள்ளை புதிதாக என்ன எழுதிவிட முடியும்? நீளம், விளிம்பு, நரம்பு, எந்த மண்ணில் வளரும் என்ற எல்லாமே ஏற்கெனவே யாரோ எழுதிவைத்தவை. தகவலைத் திரட்டித் தா என்று கேட்டால் திரட்டித்தான் தருவார்கள். இணையம் வந்த பிறகு திரட்டுவதற்கும் திருடுவதற்கும் நடுவே இரண்டு விசைகளை அழுத்தும் தூரம்தான்.

கேள்வி கேட்பவரின் பொறுப்பு

நம் ஊர்க் கதையும் இதிலிருந்து தள்ளியில்லை. தமிழ்நாட்டில் 2012-13-இல் முப்பருவ முறை வந்தபோது, பருவ முடிவுத் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60, வகுப்புச் செயல்பாடுகளும் அடங்கிய வளரறி மதிப்பீட்டுக்கு 40 என்று மதிப்பெண் பிரிந்தது. செயல்பாடுகளுக்கு மதிப்பெண் கொடுத்தது நல்ல எண்ணம்தான். ஆனால் ‘காற்று மாசுபாடு பற்றி ஒரு செயல்திட்டம்’ என்று ஒற்றை வரியில் தலைப்பைச் சொல்லி அனுப்பினால், அது நேராக ஸ்டேஷனரி கடைக்குத்தான் போகும். படத்தாள் ஒன்று, அச்செடுத்த இரண்டு பக்கம், அம்மாவின் கையெழுத்தில் தலைப்பு. பிள்ளையின் பங்கு பசை தடவியது.

அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘உன் வீட்டு ஜன்னல் கம்பியில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டு. ஏழு நாள் கழித்து எடு. என்ன ஆகியிருக்கிறது? ஏன் என்று நினைக்கிறாய்? பாடநூல் சொல்வதோடு ஒத்துப்போகிறதா?’ இதற்கு விடை எந்தக் கடையிலும் கிடைக்காது. பிழையான விடை வரலாம், வரட்டும். அது அவனுடைய பிழையாக இருக்கும்.

மதிப்பெண்ணை முழுவதும் கடைசி நாளில் வைக்காமல் வழியில் பிரித்துக் கொடுப்பதும் உதவும். முதல் வாரம் கேள்வி, இரண்டாம் வாரம் எடுத்த குறிப்புகள், மூன்றாம் வாரம் அடித்தல் திருத்தலோடு முதல் வரைவு. வரைவைக் கேட்கும் ஆசிரியரிடம் காப்பி அடிப்பது கடினம். காப்பிக்கு வரைவு இருப்பதில்லை. ஐம்பது பேர் வகுப்பில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்பீர்கள். நியாயம். ஆண்டுக்கு ஆறு செயல்திட்டம் கொடுப்பதற்குப் பதில் ஒன்றை இப்படிக் கொடுங்கள்.

எடுத்தாளும் கலையைக் கற்பிக்க வெளியிலிருந்து கருவிகளை இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. தொல்காப்பியத்தைத் திறந்தால் ‘என்மனார் புலவர்’ என்ற தொடர் திரும்பத் திரும்ப வரும்; புலவர்கள் இவ்வாறு சொல்வார்கள் என்று பொருள். ‘என்ப’, ‘மொழிப’ என்றும் வரும். இது என் சரக்கில்லை, முன்னோர் சொன்னது என்று நூலாசிரியர் கையோடு சொல்லிவிடுகிறார். நன்னூலின் பாயிரம் இன்னும் ஒரு படி போகிறது. பழைய நூற்பாக்களைத் தன் நூலில் ஏன் அப்படியே எடுத்தாள வேண்டும் என்பதற்கு அது சொல்லும் காரணம்: “முன்னோர் மொழிபொருளே அன்றி அவர்மொழியும் பொன்னேபோல் போற்றுவம்”. பொன்னை எடுத்துக்கொள்ளலாம், யாருடைய பொன் என்று சொல்லிவிட்டு.

என் வகுப்பில் ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். ஒரு பத்தியைக் கொடுத்துப் படிக்கச் சொல்வேன். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, பக்கத்தில் இருப்பவனுக்கு அதை வாயால் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் எழுத வேண்டும். எழுதிய பின் புத்தகத்தைத் திறந்து, தன் எழுத்தில் நூலின் சொற்றொடர் அப்படியே வந்த இடங்களில் மேற்கோள் குறி போட வேண்டும். ஒவ்வொரு கடன்வாங்கிய கருத்தின் முடிவிலும் ‘என்ப’ சேர்க்கலாம் என்று ஒருநாள் விளையாட்டாகச் சொன்னேன். ஒரு வாரம் வகுப்பே ‘என்ப’ மயமாக இருந்தது. “மதியம் சாம்பார் சாதம் என்ப” என்று ஒருவன் எழுதினான். வதந்திக்கும் மூலம் காட்டுகிறானே என்று விட்டுவிட்டேன்.

எந்திரத்தை நம்பலாமா?

ஒப்புமையைச் சோதிக்கும் மென்பொருள்கள் தருவது ஒரு விழுக்காட்டு எண். அந்த எண் திருட்டின் அளவு என்று பலர் நினைக்கிறார்கள். வேறு எங்கோ உள்ள எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. முறையாக மேற்கோள் காட்டியதும் அதில் சேர்ந்து வரலாம். இந்தியப் பல்கலைக்கழக மானியக்குழு 2018-இல் கொண்டுவந்த விதிகள், உயர்கல்வியில் ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை என்கின்றன. அதற்கு மேல் 40, 60 என்று படிகள் வைத்து, 60-ஐத் தாண்டினால் ஆய்வு மாணவரின் பதிவையே நீக்கச் சொல்கின்றன. பள்ளிக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. பள்ளி ஆசிரியருக்கு எண்ணைவிட நல்ல கருவி, அந்தப் பிள்ளையின் போன மாதக் கட்டுரை ஏடு.

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்த பிறகு நிலைமை இன்னும் குழம்பியது. இங்கே ஒப்பிட மூலமே கிடையாது. கேட்கிறவருக்கெல்லாம் புதுப்புது வாக்கியங்களாக எழுதிக் கொடுக்கிறது. அதைக் கண்டுபிடிக்கக் கருவிகள் வந்தன. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒன்றை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபெல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்தார்கள். அத்தனையும் மனிதர்கள் எழுதியவை. கருவிகளோ சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை எந்திரம் எழுதியது என்றன. எளிய, எதிர்பார்க்கக்கூடிய சொற்களால் எழுதியதுதான் அவர்கள் செய்த குற்றம். நம் ஊர் ஆங்கிலவழிப் பள்ளியில், தட்டுத்தடுமாறிச் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதும் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். கருவியின் சொல்லை மட்டும் நம்பி அவளைக் கூண்டில் ஏற்றினால் என்ன ஆகும்?

சந்தேகம் வந்தால் தனியே கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்பதுதான் வழி. “இந்த வரியை எனக்குக் கொஞ்சம் விளக்கு.” “இந்தச் சொல்லை எங்கே பார்த்தாய்?” தானே எழுதியவர் நான்கு வரியாவது பேசுவார். எழுதாதவர் தரையைப் பார்ப்பார். கூச்சத்தில் தரையைப் பார்க்கும் பிள்ளைகளும் உண்டு என்பதால் இரண்டாவது நாளும் ஒருமுறை கேட்பது நல்லது. வகுப்பின் முன் நிறுத்தி ஏட்டைப் பிரித்துப் படித்துக்காட்டி அவமானப்படுத்தும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009, 17-ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடை செய்திருக்கிறது.

ஆறாம் வகுப்புப் பிள்ளை தெரியாமல் செய்தால் திரும்ப எழுதவைத்தால் போதும். சொல்லிக் கொடுத்து, பழக்கி, எச்சரித்த பிறகும் பதினொன்றாம் வகுப்பு மாணவன் செய்தால் மதிப்பெண் குறைய வேண்டும், பெற்றோருக்கும் தெரிய வேண்டும். ஓர் ஆசிரியர் பூஜ்யம் போடுவதும் பக்கத்து வகுப்பு ஆசிரியர் கண்டும் காணாமல் விடுவதுமாக இருந்தால் பிள்ளைகள் படித்துக்கொள்வது ஒன்றுதான்: எந்த ஆசிரியரிடம் செல்லும் என்பது. பள்ளி முழுவதற்கும் ஒரே விதி வேண்டும், ஜூன் மாதமே சொல்லப்பட வேண்டும். தலைமையாசிரியர் அதன் பின்னால் நிற்க வேண்டும்.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமானது. நம்முடைய பாடக்குறிப்பேடு எங்கிருந்து வருகிறது? வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டதை நாமும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறோம். பகிர்வதில் தவறில்லை, ஒருவர் உழைப்பு பத்துப் பேருக்கு உதவட்டும். அவர் பெயரை ஓரத்தில் எழுதினால் என்ன குறைந்துவிடும்? நான் இப்போது கரும்பலகையில் எதை எழுதினாலும் வலது மூலையில் எடுத்த இடத்தையும் எழுதுகிறேன். தொடக்கத்தில் பிள்ளைகள் அதையும் சேர்த்து மனப்பாடம் செய்தார்கள். பிறகு கேட்கத் தொடங்கினார்கள்: “சார், இன்றைக்கு மூலையில் ஒன்றும் இல்லையே?”

போன ஆண்டு ஏரிக்கரைப் பனை பற்றி எழுதச் சொன்னபோது, ஒரு மாணவி தன் கட்டுரையின் அடியில் மூலத்தை இப்படிக் குறித்திருந்தாள்: “தாத்தா சொன்னது. சாயங்காலம், திண்ணையில். அவர் சொன்னதில் பாதியை எழுதவில்லை, எனக்குப் புரியவில்லை. மறுபடி கேட்க வேண்டும்.”